மூட்டம் சரியாக விழுகிற மெஷின்

வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கோத்தகிரிப் பக்கம் ஹோம்ஸ்டே நடத்தும் ஒருவர் போன மாதம் கடைக்கு வந்தார். வரவேற்பறைச் சுவருக்கு 36 அங்குலத்தில் ஒரு படம் வேண்டும். பென்டிரைவை நீட்டும் முன்பே, “அண்ணா, உங்க மெஷின் எத்தனை டிபிஐ? கோயமுத்தூர்ல 2880 இருக்காமே?” என்று கேட்டார். இதே கேள்வி அடிக்கடி வருவதால் எல்லோருக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

எப்சன் பி7000 போன்ற போட்டோ பிரிண்டர் மெஷின்களில் 2880க்கு 1440 என்றும், கேனான் ப்ரோ-2000இல் 2400க்கு 1200 என்றும் போட்டிருக்கும். இதுதான் டிபிஐ, ஓர் அங்குலத்துக்குள் இங்க் புள்ளிகளை எவ்வளவு நெருக்கி வைக்கலாம் என்பதற்கான கணக்கு. படத்தில் எவ்வளவு நுணுக்கம் தெரியும் என்பது வேறு சங்கதி. ஒரு சாயலைக் காட்டவே பல புள்ளிகள் ஒன்றுசேர வேண்டும். மிகச்சிறிய இங்க் துளியின் அளவும் எப்சனில் 3.5 பிகோலிட்டர் (ஒரு பிகோலிட்டர் என்பது லிட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு), கேனானில் 4. பூதக்கண்ணாடி இல்லாமல் இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பவருக்கு நான் டீ வாங்கித் தருகிறேன்.

வித்தியாசம் தெரிவது வேறு இடத்தில். எங்களிடம் பழையது ஒன்று, புதியது ஒன்று என இரண்டு மெஷின்கள் இருக்கின்றன. தொட்டபெட்டாவில் காலை மூட்டத்துக்குள் சோலை மரங்கள் பாதி கரைந்து நிற்கும் படம் ஒன்றை, ஒரே ஃபைல், ஒரே பேப்பர் வைத்து இரண்டிலும் எடுத்தோம். மரக்கிளை இரண்டிலும் ஒரே மாதிரிதான். மூட்டத்தில்தான் பழையது மாட்டிக்கொண்டது, வெண்பொங்கலில் மிளகுப்பொடி தூவியது போல. காரணம் எளிது. மூட்டம் கிட்டத்தட்ட வெள்ளை. அந்த மெல்லிய சாம்பலைக் கறுப்பு இங்க்கால் காட்டினால் புள்ளிகள் தள்ளித் தள்ளி விழும், கண்ணில் உறுத்தும். வெளிர்சாம்பல் இங்க் தனியாக உள்ள மெஷின் அதே இடத்தை நிறைய வெளிர்ப் புள்ளிகளால் நிரப்பிவிடும். மலைப்படம் எடுப்பவர்கள் டிபிஐயை விட்டுவிட்டு, சாம்பல் இங்க் எத்தனை என்று கேளுங்கள்.

கோடுகள் இன்னொரு சோதனை. தோடர் சால்வையின் சிவப்பு, கறுப்பு நூல்வேலையைக் கிட்டத்தில் எடுத்த படத்தை அவசர ஆர்டர் என்று வேக மோடில் போட்டேன். நூல்கள் லேசாக இரட்டை இரட்டையாக விழுந்தன. வேக மோடில் ஹெட், அதாவது இங்க்கை அடிக்கும் பாகம், போகும்போதும் அடிக்கும், வரும்போதும் அடிக்கும். இரண்டு அடியும் ஒரு மயிரிழை விலகினால் போதும், கோடு தடித்துவிடும். ஹெட்டின் அலைன்மென்ட்டைச் சரிபார்த்து, ஒரே திசையில் அடிக்கவைத்ததும் ஒவ்வொரு தையலும் தனியாக நின்றது. நேரம்தான் ஏறக்குறைய இரண்டு மடங்கு. “பத்து நிமிஷத்துல குடுங்க” என்றால் நான் தயங்குவது இதனால்தான்.

பேப்பரும் சேர்ந்ததுதான். பளபளப்பில்லாத மேட் பேப்பர் இங்க்கை உறிஞ்சுவதால் கறுப்பு கொஞ்சம் சாம்பலாகும், மெல்லிய கோடு கொஞ்சம் தடிக்கும். மூட்டப் படத்துக்கு அது அழகு. நூல்வேலைக்கும் வரையாட்டின் ரோமத்துக்கும் லேசான பளபளப்புள்ள லஸ்டர் பேப்பர்தான் என் தேர்வு. மழை மாதங்களில் பேப்பர் ஈரம் குடித்து ஓரம் தூக்கும், ஹெட் அதில் உரசிக் கோடு போட்டுவிடும். ரோலை உறைக்குள்ளேயே வைத்து, தேவைக்கு மட்டும் வெளியே எடுக்கிறோம். ஐப்பசி மழையில் இரண்டு நாள் தாமதமானால் கோபிக்க வேண்டாம்.

அப்புறம் ஃபைல். 24 மெகாபிக்சல் கேமராவின் 6000 பிக்சல் அகலப் படத்தை 36 அங்குலத்துக்கு விரித்தால் அங்குலத்துக்கு சுமார் 167 பிக்சல் வரும். நாலடி தள்ளி நின்று பார்க்கும் சுவருக்கு அது தாராளம். அதே படம் வாட்ஸ்அப்பில் சுருங்கி 1600 ஆக வந்தால் அங்குலத்துக்கு 44தான். எந்த மெஷினாலும் அதைக் காப்பாற்ற முடியாது. டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், இல்லாவிட்டால் பென்டிரைவிலேயே கொண்டுவாருங்கள்.

பெரிய பிரிண்ட் போடுமுன் படத்தின் சிக்கலான இடத்தை மட்டும் உள்ளங்கை அளவுக்கு ஒரு துண்டு எடுத்துத் தருகிறோம். அதற்குக் காசு இல்லை. கடை ட்யூப்லைட்டில் பார்த்து முடிவு செய்யாமல், வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படம் மாட்டப்போகும் சுவரிலேயே ஒரு நாள் ஒட்டிவைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் பிரிண்ட் கடைக்காரர்,
குன்னூர்