கூழைக்கடாவும் அம்மாவின் படமும்

தஞ்சாவூர்
16 பிப்ரவரி 2025

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. மின்னஞ்சலில் நீ அனுப்பிய மூன்று படங்களையும் அன்று இரவே பார்த்துவிட்டேன். மகள் ஆசையாக வாங்கித் தந்த நிக்கான் கேமராவை நீ பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவாய் என்றுதான் நினைத்திருந்தேன். நீயோ விடியுமுன் பஸ் பிடித்துக் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குப் போய் நின்றிருக்கிறாய்! ஒரு வீட்டுக் கொல்லையில் கீழே கொடியில் துணி காய்கிறது, மேலே மரத்தில் கூழைக்கடா குஞ்சுக்கு ஊட்டுகிறது. அந்த ஒரு படத்தைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்த ஊர்க்காரர்கள் பறவைகளைப் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த பெண்ணைப்போலப் பார்த்துக்கொள்வார்கள் என்று நீ சொல்லியிருக்கிறாய். இப்போது கண்ணால் பார்த்துவிட்டேன்.

இங்கே எல்லோரும் நலம். சம்பா அறுவடை முடிந்துவிட்டது, வாசலில் வைக்கோல் வாசனை. முழங்கால் மட்டும் படியேறும்போது பேசுகிறது.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். "1,400 படம் எடுத்துவிட்டேன், கலரை எப்படிச் சரி செய்வது?" என்று கேட்டிருக்கிறாய். கலரை அப்புறம் பார்க்கலாம். முதலில், அந்த மெமரி கார்டு இப்போது எங்கே இருக்கிறது? இன்னும் கேமராவுக்குள்தான் என்றால், உன் 1,400 படமும் தபால்தலை அளவுள்ள ஒரு துண்டை நம்பி இருக்கின்றன. இன்று இரவு படுப்பதற்கு முன் அவற்றை இரண்டு இடத்தில் வைத்துவிடு.

கடையில் கார்டு ரீடர் என்று கேள், கொடுப்பார்கள். கேமராவைக் கேபிளில் மாட்டி இறக்குவதைவிட அது வேகம், நடுவில் கேமரா பேட்டரி தீர்ந்து பாதியில் நிற்கும் பயமும் இல்லை. கார்டைத் திறந்தால் டிசிம் என்ற கோப்புறை இருக்கும், படங்கள் அதற்குள் இருக்கும். 'கட்' செய்யாதே, 'காப்பி' செய். முடிந்ததும் இரண்டு பக்கமும் எண்ணிக்கை ஒன்றா என்று பார். முதலில் ஒன்று, நடுவில் நாலைந்து, கடைசியில் ஒன்று என்று திறந்து பார். பிறகு வெளி ஹார்ட் டிஸ்க்கிலும் ஒரு பிரதி. அதற்கு அப்புறம்தான் கார்டைக் கேமராவில் போட்டு, கேமராவிலேயே ஃபார்மட் செய்து காலியாக்க வேண்டும். கம்ப்யூட்டரில் செய்யாதே.

தப்பித் தவறி முன்னாலேயே ஃபார்மட் ஆகிவிட்டால் பதறாதே. பெரும்பாலும் அட்டவணை மட்டும்தான் அழியும், படங்கள் உள்ளேயே கிடக்கும். அதற்கு மேல் ஒரு படம்கூட அந்தக் கார்டில் எடுக்காமல் வெளியே எடுத்து வை. ஃபோட்டோரெக் என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. முக்கால்வாசி மீட்டுக் கொடுத்துவிடும்.

இவ்வளவு தூரம் ஏன் சொல்கிறேன் என்றால், உனக்கு இதுவரை சொல்லாத ஒன்று இருக்கிறது. 2011இல் அம்மாவுக்கு 80 நிறைந்தது. நீயும் வந்திருந்தாய், கடைசிப் பந்தியில் நாம் இரண்டு பேரும்தான் பரிமாறினோம். அன்று நான் இருநூறு படத்துக்கு மேல் எடுத்தேன். கம்ப்யூட்டரில் 'போட்டோஸ்' என்று ஒரே கோப்புறை. எல்லாவற்றையும் அதில்தான் கொட்டுவேன். நான் அப்போது வைத்திருந்த கேமராவில், கார்டை ஃபார்மட் செய்ததும் எண் மறுபடி 0001இலிருந்து தொடங்கும்படி அமைப்பு இருந்தது. அது எனக்குத் தெரியாது. அடுத்த மாதம் பெரிய கோயில் நந்தி, அகழிச்சுவர் என்று எடுத்த படங்களை அதே கோப்புறையில் போட்டேன். 'இதே பெயரில் கோப்பு இருக்கிறது, பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கவா?' என்று கேட்டது. 'எல்லாவற்றுக்கும் ஆம்' என்று அழுத்தினேன்.

தம்பி ஆறு மாதம் கழித்து அம்மா படங்களைக் கேட்டபோதுதான் தெரிந்தது. மீட்கும் மென்பொருள் போட்டு மூன்று ராத்திரி உட்கார்ந்தேன். வந்ததெல்லாம் துண்டு துண்டாக வந்தது. ஒரு படத்தில் அம்மாவின் நெற்றியும் கண்ணும் மட்டும் இருக்கிறது, மூக்குக்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை. அதை இன்றைக்கும் வைத்திருக்கிறேன்.

அதனால்தான் சொல்கிறேன், உன் கேமராவில் 'ஃபைல் நம்பர் சீக்குவென்ஸ்' என்று ஓர் அமைப்பு இருக்கும், அதை 'ஆன்' செய்து வை. அப்போதும் 9999 தாண்டினால் எண் திரும்ப 0001க்கு வந்துவிடும். ஆகவே ஒவ்வொரு முறை எடுப்பதற்கும் தனிக் கோப்புறை போடு. பெயர் தேதியில் தொடங்கட்டும், ஆண்டு முதலில், பிறகு மாதம், நாள்: '2025-01-26 கூந்தன்குளம்' என்பது போல. அப்படி வைத்தால் தானாகவே கால வரிசையில் நிற்கும். ஊர்ப் பெயரைத் தமிழிலேயே எழுது, யூனிகோட் எழுத்துமுறை வந்த பிறகு அதில் தொல்லை இல்லை. கேமராக் கடிகாரத்தையும் ஒரு தடவை சரிபார்த்துவிடு. கேமராவிலும் கைபேசியிலும் எடுத்ததைச் சேர்த்து வைக்கும்போது கடிகாரம் பத்து நிமிஷம் வேறுபட்டால்கூடத் தாலி கட்டும் படத்துக்கு முன்னால் ஆசீர்வாதம் வந்து நிற்கும். ஏற்கனவே தப்பாகப் பதிந்திருந்தால் டிஜிகாம் என்ற இலவச மென்பொருளில் மொத்தமாக நகர்த்திக்கொள்ளலாம்.

அந்த டிஜிகாமை அவசியம் போட்டுக்கொள். எந்தப் படத்தில் யார், எந்த ஊர், என்ன நாள் என்று தமிழிலேயே குறித்து வைக்கலாம். ஆனால் போட்டதும் அமைப்புகளுக்குள் போய், குறிப்புகளைப் படக் கோப்பிலும் எழுதும்படி மாற்றிவிடு. இல்லையென்றால் நீ எழுதுவதில் பலதும் அதன் சொந்தப் பட்டியலில் மட்டும் கிடக்கும். நான் முன்பு வைத்திருந்த ஒரு மென்பொருளைத் திடீரென்று நிறுத்திவிட்டார்கள். ஆறு வருஷமாக நான் பிரித்து வைத்த ஆல்பம் எதுவும் வேறு எதற்கும் புரியவில்லை. அதுமுதல், எழுதுவது படத்தோடே போக வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருக்கிறேன்.

ஆட்களைக் குறிக்கும்போது உறவு முறையை எழுதாதே, பெயரை எழுது. நான் 'சித்தி' என்று எழுதி வைத்ததை என் மகன் பார்த்துவிட்டு அவனுடைய சித்தியைத் தேடினான். உனக்கு அத்தை என்றால் உன் மகளுக்கு அவர் பாட்டி, தெருவில் இன்னொருவருக்குப் பெரியம்மா. உறவு சொல்லும் ஆள் மாறினால் மாறும். பெயரும் ஊரும் எழுதிவிட்டால் உன் பேரனுக்கும் விளங்கும்.

இனி நீ ஆசைப்பட்ட விஷயத்துக்கு வருகிறேன். 1,400 படத்தையும் திருத்த உட்காராதே, மனசு வெறுத்துப்போகும். நான் எடுத்த அன்று பார்ப்பதே இல்லை. அன்றைக்கு நாம் பட்ட வெயிலும் அலைச்சலும் சேர்ந்து எல்லாப் படமும் நன்றாக இருப்பது போலத் தோன்றும். நாலு நாள் போகட்டும். பிறகு வேகமாக ஓட்டி, கண் தானாக நின்ற படத்துக்கு மட்டும் ஒரு நட்சத்திரம் போடு. மறுநாள் அவற்றை மட்டும் பார். நாற்பது தேறினால் அது பெரிய அறுவடை.

உன் இரண்டாவது படம், கரண்டிவாயன் பறந்து இறங்குவது. பச்சை மரங்களுக்கு முன்னால் பளீரென்று வெள்ளை. பெரிதாக்கிப் பார்த்தேன், இறக்கையில் ஓர் இறகு வரிகூட இல்லை, வெள்ளைக் காகிதம் மாதிரி இருக்கிறது. காரணம் இதுதான்: படத்தில் பெரும்பகுதி கரும்பச்சை, அதைப் பார்த்துக் கேமரா 'இருட்டாக இருக்கிறது' என்று வெளிச்சத்தைக் கூட்டிவிட்டது. அடுத்த முறை இப்படிச் சின்ன வெள்ளைப் பறவை, இருண்ட பின்னணி என்றால் எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தை, கிட்டத்தட்ட ஒரு ஸ்டாப் (பாதியளவுக்கு) குறைத்து எடு. படத்தைத் திருப்பிப் பார்க்கும்போது வெளுத்துப்போன இடங்கள் கண் சிமிட்டும்படி வைக்கலாம், அதை வைத்துக்கொள். இருட்டில் மறைந்ததைப் பின்னால் ஓரளவு மேலே கொண்டுவரலாம். ஒரேயடியாக வெளுத்துப்போனதை எந்த மென்பொருளாலும் கொண்டுவர முடியாது.

ஆனாலும் கொஞ்சம் நம்பிக்கை இருக்கிறது. நீ அனுப்பியது ஜேபெக், கேமராவே பதப்படுத்திச் சுருக்கிக் கொடுக்கும் கோப்பு. கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் 'ரா'வும் சேர்த்துத்தானே எடுத்தாய்? ஜேபெக்கில் ஒரு வண்ணத்துக்கு 256 படிகள்தான். 14 பிட் ராவில் 16,384 படிகள். அதோடு கேமரா ஜேபெக் செய்யும்போது வெள்ளை என்று தள்ளிவிட்ட இடத்தில்கூட ராவில் இறகு மிச்சம் இருக்கலாம். நிக்கான்காரர்களே என்.எக்ஸ். ஸ்டுடியோ என்று இலவசமாகக் கொடுக்கிறார்கள், அதில் அந்தக் கோப்பைத் திறந்து 'ஹைலைட்' பகுதியை மெதுவாக இறக்கிப் பார். அதில் செய்யும் திருத்தம் ராக் கோப்பைத் தொடுவதில்லை, பக்கத்திலேயே 'என்.கே.எஸ்.சி. பாரம்' என்று ஒரு சின்னக் கோப்புறையில் எழுதிக்கொள்ளும். ஏதோ குப்பை என்று அதை அழித்துவிடாதே.

இன்னொன்றும் கவனித்தேன். உன் கோப்புப் பெயர்கள் அடிக்கோட்டில் தொடங்குகின்றன. டி.எஸ்.சி. என்ற எழுத்துக்கு முன்னால் அடிக்கோடு வந்தால் கேமரா அடோபி ஆர்.ஜி.பி. என்ற வண்ண அமைப்பில் இருக்கிறது என்று அர்த்தம். லேபில் பிரிண்ட் போட்டபோது நிறம் சோகையாக வந்தது என்று எழுதியிருந்தாயே, அநேகமாக அதுதான். எஸ்.ஆர்.ஜி.பி. என்ற வழக்கமான வண்ண அமைப்புக்கு மாற்றிவிடு.

ஒயிட் பேலன்ஸ், அதாவது வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறத்தைச் சரிசெய்வது பற்றி ஒரே ஒரு விஷயம். கோயில் கொடைப் படங்களில் நிறம் சரிசெய்ய வெள்ளை வேட்டியைத் தொட்டுக் காட்டினால் போதும் என்று யாரோ உனக்குச் சொல்லியிருக்கிறார்கள். நம் ஊர் வேட்டி சொட்டு நீலம் போட்டுத் துவைத்தது. அதை வெள்ளை என்று காட்டினால் மென்பொருள் நீலத்தைக் கழிக்கப் போய் எல்லோர் முகத்திலும் மஞ்சள் ஏறிவிடும். சிமெண்ட் சுவரோ, எண்ணெய் படாத கருங்கல் தூணோ இருந்தால் அதைக் காட்டிப் பார். பிறகு உன் கண்ணை நம்பு.

மூன்றாவது படம். உன் அத்தை திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை மடிக்கிறார். வெளிச்சம் அருமை, விரல் அருமை. ஆனால் கைபேசிச் செயலி ஏதோ ஒன்றில் போட்டு முகத்தை வெளுப்பாக்கிவிட்டாய், நண்பா. சுருக்கமும் போய்விட்டது. ஐம்பது வருஷமாக நான் பார்த்த அத்தை அவர் இல்லை. அவருடைய நிறம் நல்ல கருப்பு, பாம்படம் போட்டிருந்த காதோடு எவ்வளவு அழகு அவர்!

கோபித்துக்கொள்ளாதே. அம்மாவுக்கு 80 நிறைந்த அன்று எடுத்த படங்களில் ஒன்றே ஒன்று தப்பித்தது. அதை மட்டும் அப்போதே ஒரு ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிதாகப் போட்டிருந்தேன். அவர்கள் கேட்காமலே அம்மாவைச் சிவப்பாக்கிக் கொடுத்தார்கள். வாங்கும்போது எனக்கும் அது உறைக்கவில்லை, சட்டம் போட்டு மாட்டிவிட்டேன். அம்மா 2016இல் தவறிவிட்டார். மூலக் கோப்பு இல்லை. கூடத்தில் இருப்பது அந்தச் சிவந்த முகம்தான். என் பேத்தி அதைப் பார்த்து, "கொள்ளுப்பாட்டி நல்ல சிவப்பா தாத்தா?" என்று கேட்டாள். இல்லை கண்ணு, உன்னை மாதிரிதான் என்று சொன்னேன். காட்டுவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

ஆகவே அத்தை படத்தின் மூலத்தை உடனே தேடி எடுத்து, 'மூலம்' என்று தனியாக வை. அதைத் தொடாதே. திருத்துவதெல்லாம் பிரதியில் திருத்து. வாட்ஸ்அப்பில் அனுப்பியதைத் திருப்பி இறக்கி வைத்துக்கொள்வதும் வேண்டாம். அது படத்தைச் சுருக்கிவிடும், எடுத்த தேதி நேரத்தையும் உதிர்த்துவிடும். அனுப்பியே ஆக வேண்டும் என்றால் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பு.

கடைசியாக, வைக்கும் இடம். அமெரிக்காவில் பீட்டர் க்ரோ என்ற புகைப்படக்காரர் பரப்பிய ஒரு கணக்கு உண்டு: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறு ஊரில். 2023 டிசம்பரில் தாமிரபரணி பொங்கியபோது உன் வீட்டுக் கீழ் அலமாரியில் இருந்த கல்யாண ஆல்பம் நனைந்து தாளோடு தாள் ஒட்டிக்கொண்டதே, அன்று கம்ப்யூட்டரும் ஹார்ட் டிஸ்க்கும் அதே அலமாரியில் இருந்திருந்தால் இரண்டு பிரதி என்பதில் என்ன பயன்? இன்னொரு ஹார்ட் டிஸ்க் வாங்கிக் கோயம்புத்தூரில் மகளிடம் கொடுத்து வை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது புதியதைச் சேர்த்துவிட்டு வா.

பங்குனி உத்திரத்துக்கு உங்கள் ஊர் சாஸ்தா கோயிலுக்கு வருகிறேன், இரண்டு நாள் தங்குவேன். அந்த ஆல்பத்தைப் பிரிக்காமல் அப்படியே வை. இழுத்தால் முகம் தாளோடு வந்துவிடும். பிரிக்க முடிந்ததை நான் வந்து நிதானமாகப் பிரிக்கிறேன், என் கேமராவில் ஒவ்வொன்றாகப் படம் எடுத்துக்கொள்ளலாம். அத்தையையும் பக்கத்தில் உட்கார வைப்போம். அந்த ஆல்பத்தில் பந்தலில் நிற்கிற இருபது பேரில் பாதிப் பேரை உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல நீ எழுது.

அதற்கு முன்னால் கரண்டிவாயனின் ராக் கோப்பை எனக்கு அனுப்பு. இறகு வருகிறதா பார்க்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்