தென்னாப்பிரிக்கா டூர் பிளான் சரியில்ல, மாத்திக் குடுங்க இல்லன்னா அட்வான்ஸ திருப்பிக் குடுங்க

மேனேஜர் அவர்களுக்கு வணக்கம்.

செப்டம்பர் கடைசில தென்னாப்பிரிக்கா போறதுக்கு உங்ககிட்ட புக் பண்ணி நாலு பேருக்கும் அட்வான்ஸ் கட்டியாச்சு, நானும் வீட்டுக்காரரும், அண்ணனும் அண்ணியும். நாங்க கேட்டது க்ரூகர் நேஷனல் பார்க்ல சஃபாரி, அப்புறம் கேப் டவுன், கடைசில ஸ்டெல்லன்பாஷ் ஃபிரான்ஷூக் பக்கம் திராட்சைத் தோட்டம், வைன், நல்ல சாப்பாடு. நீங்க அனுப்பின ஐட்டினரில எல்லா ஊர் பேரும் இருக்கு, ஆனா அத போட்டவங்க ஒரு ஊருக்கும் இன்னொரு ஊருக்கும் எவ்ளோ தூரம்னு பாத்தமாதிரி தெரியல.

முதல் நாளையே எடுத்துக்கோங்க. மதியம் ஒன்றரைக்கு ஜோகன்னஸ்பர்க்ல ஃபிளைட் இறங்குது, அன்னிக்கு சாயங்காலமே க்ரூகர்ல 'ஈவினிங் சஃபாரி'னு போட்டிருக்கீங்க. ஜோகன்னஸ்பர்க்ல இருந்து க்ரூகர் கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர், ரோட்டுல அஞ்சு மணி நேரம், அதுக்கு முன்னாடி இமிக்ரேஷன், லக்கேஜ், வாடகை கார் எல்லாம் இருக்கு, செப்டம்பர்ல பார்க் கேட்ட சாயங்காலம் 6 மணிக்கு மூடிடுவாங்க. நாங்க போய்ச் சேரும்போது இருட்டிட்டு இருக்கும், பூட்டின கேட்டத்தான் பாக்கணும். ராத்திரி அந்த ரோட்டுல புது ஆளுங்க ஓட்டாதீங்கன்னு போயிட்டு வந்தவங்க எல்லாருமே சொல்றாங்க, மாடு ஆடு குறுக்க வரும், குழி வேற.

தங்கறது 'க்ரூகர் சஃபாரி லாட்ஜ்'னு பெரிய எழுத்துல போட்டிருக்கு, அட்ரஸ் பாத்தா ஹேஸிவியூ டவுன். அது பார்க்குக்கு வெளில இருக்கு சார். பார்க்குக்குள்ளயே ஸ்குகூஸா, லோயர் சாபி மாதிரி கேம்ப் இருக்கு, அங்க தங்கினா விடியக்காலைல கேட் திறக்கற லைன்ல நிக்க வேண்டாம், கேட் மூடினதுக்கு அப்புறமும் பார்க்கோட சொந்த வண்டில நைட் டிரைவ் கூட்டிட்டுப் போவாங்க. காசு கொஞ்சம் கூட ஆனாலும் பரவால்லன்னா பக்கத்துல சாபி சாண்ட்ஸ் இருக்கு, தனியார் காடு, க்ரூகருக்கும் அதுக்கும் நடுவுல வேலி கிடையாது, அங்க வண்டி ரோட்ட விட்டு இறங்கி போகலாம். இதுல எதையும் நீங்க எங்ககிட்ட சொல்லவே இல்ல, ஒரே ஒரு முழு நாள் சஃபாரி குடுத்துட்டு 'பிக் ஃபைவ் கியாரண்டி'ன்னு வேற எழுதியிருக்கீங்க, அதாவது சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், காட்டெருமை அஞ்சையும் கண்டிப்பா காட்டுவீங்களாம். கிட்டத்தட்ட 20,000 சதுர கிலோமீட்டர் காடு அது, உள்ள 50 கிலோமீட்டர் ஸ்பீடுக்கு மேல போகவும் கூடாது, சிறுத்தைகிட்ட நீங்க அப்பாயின்ட்மென்ட் வாங்கி வச்சிருக்கீங்களா?

செப்டம்பர்னு நாங்க சும்மா சொல்லல. அப்போ க்ரூகர்ல மழை பெரும்பாலும் ஆரம்பிச்சிருக்காது, புல் காஞ்சு கிடக்கும், மிருகம் எல்லாம் தண்ணிக்கு ஆத்தோரம் வரும். கேப் பக்கம் தலைகீழ், அங்க மழை குளிர்காலத்துல, செப்டம்பர்ல அது குறைஞ்சு வசந்தம் வந்துரும். ரெண்டுக்கும் ஒத்துவர்ற மாசம்னு தேடித்தேடி பிடிச்சது, அதுல ஒரு நாள முழுசா ரோட்டுல தொலைக்க வச்சிருக்கீங்க, க்ரூகர்ல இருந்து திரும்ப ஜோகன்னஸ்பர்க் கார்ல வந்து அங்கிருந்து கேப் டவுனுக்கு ஃபிளைட். ஸ்குகூஸாலயே ஏர்போர்ட் இருக்கு, கேப் டவுனுக்கு நேரா ஃபிளைட் இருக்கு. இத நான் போன்ல சொன்னப்போ உங்க ஆள் 'அப்டியா மேடம்'ங்கறார், அப்புறம் 'உங்க வீட்டு சார்கிட்ட பேசணும்'ங்கறார். பணம் கட்டினது நான்.

கேப் டவுன்ல டேபிள் மவுண்டன கடைசி நாள் காலைல வச்சிருக்கீங்க. காத்து அடிச்சா கேபிள் கார நிறுத்திடுவாங்க, மேகம் மூடினா மேல போயும் ஒண்ணும் தெரியாது, அதனால போய் இறங்கினதும் முதல்ல எந்த நாள் வானம் தெளிவா இருக்கோ அன்னிக்கே ஏறிடணும். ராபன் ஐலண்டும், கடலுக்குள்ள நீட்டிட்டு இருக்கற கேப் பாயின்ட் முனையும் ஒரே நாள்ல. படகுல போய் மண்டேலா 18 வருஷம் இருந்த ஜெயில பாத்துட்டு வர்றதுக்கே அரை நாள் ஆகும், மீதி அரை நாள்ல பென்குவின், சாப்மன்ஸ் பீக் கடலோர மலை ரோடு, கேப் பாயின்ட் எல்லாம் ஓடி ஓடி பாக்கணுமா?

எனக்கு நிஜமாவே கோபம் வந்தது வைன் நாள்ல. மதியம் 2 மணிக்கு கேப் டவுன்ல இருந்து கிளம்பி ஸ்டெல்லன்பாஷ், ஃபிரான்ஷூக், பார்ல், நாலு தோட்டத்துல டேஸ்டிங், 'செல்ஃப் டிரைவ்'. டேஸ்டிங் எல்லாம் நிறைய இடத்துல 5 மணி வாக்குல முடிஞ்சிடும், அத விடுங்க, வைன் குடிக்க கூட்டிட்டுப் போற அன்னிக்கு கார் சாவிய கைல குடுக்கறது எந்த ஊர் நியாயம்? குடிச்சிட்டு ஓட்டினா அங்கயும் கேஸ்தான். கேட்டா 'உங்க அண்ணன் டிரிங்க்ஸ் எடுக்க மாட்டார்ல மேடம், அவர் ஓட்டட்டும்'னு பதில் வருது. அண்ணன் டிரைவரா வர்றதுக்கு காசு கட்டல. அவர் குடிக்கலன்னாலும் அந்த மலையும் பழைய டச்சு வீடுங்களும் பாக்க ஆசைப்பட்டுத்தான் வர்றார். ஃபிரான்ஷூக்ல வைன் டிராம்னே ஒண்ணு ஓடுது, தோட்டம் தோட்டமா ஏறி இறங்கலாம், இல்லன்னா டிரைவரோட வண்டி போடுங்க. ராத்திரியும் அங்கயே தங்கணும். 1925ல ஸ்டெல்லன்பாஷ்ல உருவாக்கின திராட்சை பினோடாஜ், அத அந்த ஊர்லயே உக்காந்து நிதானமா குடிக்கணும்னு வீட்டுக்காரர் ரொம்ப நாளா சொல்லிட்டு இருக்கார்.

இன்னொண்ணு, இது ஆபத்து. போற ஃபிளைட் எத்தியோப்பியாவோட அடிஸ் அபாபால 14 மணி நேரம் காத்திருக்கற மாதிரி போட்டிருக்கீங்க. அங்க 12 மணி நேரத்துக்கு மேல டிரான்சிட்ல இருந்தா தென்னாப்பிரிக்கா உள்ள விட மஞ்சள் காய்ச்சல் ஊசி சர்டிஃபிகேட் கேப்பாங்க, ஊசி போட்டு 10 நாள் கழிச்சுத்தான் அது செல்லும். உங்க பேப்பர்ல ஒரு வரி இல்ல. க்ரூகர் மலேரியா ஏரியா, டாக்டர பாத்துட்டு வாங்கன்னும் ஒரு வரி இல்ல.

க்ரூகருக்குள்ள மூணு ராத்திரி, ஸ்குகூஸால இருந்து நேரா ஃபிளைட், கேப் டவுன் நாலு ராத்திரி, ஃபிரான்ஷூக் ரெண்டு ராத்திரி, டிரான்சிட் குறைவான ஃபிளைட். இப்டி புது பிளான வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள மெயில்ல அனுப்புங்க, விலை கூடினா எதுக்கு எவ்ளோன்னு தனித்தனியா போடுங்க, தர வேண்டியத தர்றோம். முடியாதுன்னா அட்வான்ஸ் முழுசும் எந்த அக்கவுண்ட்ல இருந்து வந்துதோ அதுலயே திருப்பிப் போட்டுடுங்க. கேன்சலேஷன் சார்ஜ்னு பிடிச்சா நுகர்வோர் கோர்ட்டுக்குப் போவேன், நீங்க அனுப்பின ஐட்டினரியே எனக்கு சாட்சி. எங்க நாலு பேர் பாஸ்போர்ட்டும் உங்ககிட்டதான் இருக்கு, இந்தப் பழைய பிளான வச்சு விசாவுக்கு அப்ளை பண்ணிடாதீங்க.