பாட்டிப் பாவைக்கு ஆறாயிரம் ரூபாய்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த இதழின் கடிதங்கள் பகுதியில் நாகர்கோவில் ஆசிரியை ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன். வகுப்பில் கதை சொல்ல வாயசைக்கும் பாட்டிப் பாவை ஒன்று செய்து தரக் கேட்டாராம். ஆறாயிரம் ரூபாய் என்றார்களாம். கடையில் முந்நூறு ரூபாய்க்குப் பொம்மை கிடைக்கும்போது இது கொள்ளை இல்லையா என்று கேட்டிருந்தார்.

அவர் கேட்டது என்னிடம் இல்லை. ஆனால் பதினொரு வருடமாகத் தக்கலைக்குப் பக்கத்தில் நான் இதே வேலையைத்தான் செய்கிறேன். அந்த டீச்சர் மேல் எனக்குக் கோபம் கிடையாது. யாரும் அவருக்குக் கணக்கை விரித்துக் காட்டவில்லை. விலையை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வது பாவை செய்கிற எங்களிடம் உள்ள குறை. அதனால் அந்தக் கணக்கை இங்கே போடுகிறேன்.

இரண்டடி உயரப் பாட்டிக்கு ஃபோம், துணி, பசை, முடிக்கு நூல், கண், சேலைக்கு ஒரு துண்டு என்று சாமானுக்கு ஆயிரத்து நூறு ரூபாய் ஆகும். வேலை நான்கு நாள். எங்கள் பக்கத்தில் கொத்தனாரைக் கூப்பிட்டால் நாளுக்கு ஆயிரம் ரூபாய்க்குக் குறைந்து வரமாட்டார். நானும் அந்தக் கூலியைத்தான் எனக்கு வைத்திருக்கிறேன், அது நாலாயிரம். கரண்ட், பிளேடு, ஊசி, மெஷின் தேய்மானம், சாமான் வாங்க மார்த்தாண்டம் போய்வரும் பஸ் செலவு எல்லாம் சேர்த்து நானூறு. கொடுத்த பிறகு ஒரு தடவை திருத்தம் கேட்பார்கள், அதற்கு அரை நாள் ஐந்நூறு. மொத்தம் ஆறாயிரம். டீச்சருக்கு விலை சொன்னவர் யாரென்று எனக்குத் தெரியாது, ஆனால் அவர் சொன்னது நியாயமான விலை.

செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் தனியாகக் கொடுத்தாச்சே, அப்புறம் எதற்குக் கூலி என்று கொத்தனாரிடம் யாரும் கேட்பதில்லை. பாவை என்று வந்தால் மட்டும் துணி எவ்வளவு, பஞ்சு எவ்வளவு என்று சாமான் விலையோடு நின்றுவிடுகிறார்கள். பாவை செய்கிறவர்களிலும் பலர் அதே தப்பைத்தான் செய்கிறார்கள். சாமான் விலையை இரண்டால் பெருக்கிச் சொல்லிவிடுகிறார்கள். அப்படிச் சொன்னால் இந்தப் பாட்டி இரண்டாயிரத்து இருநூறுக்குப் போய்விடும். சாமான் செலவு கழிந்தால் நான்கு நாளைக்கும் சேர்த்து ஆயிரத்து நூறு ரூபாய்தான் மிஞ்சும். என்னிடம் வேலை பழகிய பெண் ஒருத்தி இப்படியே இரண்டு வருடம் ஓட்டிவிட்டு, கடைசியில் ஜவுளிக்கடை வேலைக்குப் போய்விட்டாள். எனக்குத் தெரிந்து அவள் அளவுக்கு முகம் வெட்டத் தெரிந்தவர்கள் குறைவு.

நான்கு நாள் எதற்கு என்று டீச்சருக்குச் சந்தேகம் வரலாம். முதல் நாள் முழுக்க அட்டையில்தான் வேலை. தலை ஒரு உருண்டையாக வர, தட்டையான ஃபோமை எந்த வளைவில் வெட்டி எங்கே ஒட்டுவது என்று வரைந்து, வெட்டி, பார்த்து, மறுபடி வரைய வேண்டும். அதற்கு முன்பே பாவையைப் பிடிக்கப் போகிறவரின் கை அளவை வாங்கிவிடுவேன். நான்கு விரல் மேல் தாடையிலும் கட்டைவிரல் கீழ்த் தாடையிலும் இருக்கும். சின்னக் கைக்கு பெரிய வாய் வைத்தால் விரல் வழுக்கிப் பாவை வாயைப் பிளந்துகொண்டே நிற்கும். வாய்க்குள் வைக்கும் தட்டு கொஞ்சம் விறைப்பாக இருந்தாலே பத்து நிமிடத்தில் மணிக்கட்டு வலி எடுத்துவிடும். கடையில் வாங்கும் முந்நூறு ரூபாய்ப் பொம்மைக்கு இந்தக் கவலை இல்லை. அதை யாரும் நாற்பது நிமிடம் கையில் மாட்டிக்கொண்டு பேசப் போவதில்லை.

அப்புறம் கண். இது மட்டும் எனக்கு அரை நாள் பிடிக்கும். இரண்டு கருவிழிகளையும் சரியாக நடுவில் வைத்தால் பாவை எங்கேயோ வெறித்துப் பார்க்கும். இரண்டையும் மூக்குப் பக்கமாக ஒரு அரிசி அளவு தள்ளினால் போதும், எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பார்க்க ஆரம்பித்துவிடும். இன்னும் ஒரு அரிசி தள்ளினால் மாறுகண் ஆகிவிடும். முதலில் குண்டூசியால் குத்தி வைத்து, கண்ணாடி முன்னால் கையில் மாட்டி, இடமும் வலமும் திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகுதான் ஒட்டுவேன். ஒட்டிவிட்டால் துணியைக் கிழிக்காமல் எடுக்க முடியாது.

நம் மாவட்டத்தில் மழையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நமக்கு ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை. ஈரக் காற்றில் ஃபோம் பசை காய்ந்த மாதிரி மேலே தெரியும், இரண்டு நாளில் ஓரம் பிரிந்து வரும். குலசேகரம் பக்கத்து ரப்பர் பாலில் முகமூடி வார்த்துக் கேட்கிறவர்களும் உண்டு. அது மழைக்காலத்தில் காய வெயில்காலத்தைப் போல இரண்டு மடங்கு நேரம் எடுக்கும். இதனால் கூலி கூடாது, தேதிதான் தள்ளிப் போகும். முதலிலேயே இதைச் சொல்லிவிட்டால் யாரும் மனம் வருந்துவதில்லை.

சொல்லாமல் விட்டு நான் பட்ட பாடு ஒன்று உண்டு. சில வருடங்களுக்கு முன் ஒரு பள்ளியிலிருந்து ஆண்டு விழாவுக்கு ஐந்து மிருகங்கள் கேட்டார்கள். பழக்கமானவர்கள் என்பதால் வாய்ப்பேச்சோடு நிறுத்திக்கொண்டேன், அட்வான்ஸ் வாங்கவில்லை. முடித்துக் கொண்டுபோனால் யானைக்குக் காது பெரிதாக வேண்டும் என்றார்கள். செய்தேன். அடுத்து புலிக்குச் சட்டை, அதற்கடுத்து முயலுக்கு வேறு நிறம். ஒவ்வொரு தடவையும், "சின்ன மாற்றம்தானே அக்கா" என்பார்கள். மொத்தம் ஆறு நாள் கூடுதலாகப் போனது. விழா முடிந்த பிறகு பேசிய பணத்தில் பாதிதான் வந்தது. மீதியைக் கேட்டு நான்கு தடவை நடந்தேன், அதன்பின் விட்டுவிட்டேன். அன்று முதல் படம் வரைந்து காட்டி, அதன் அடியில் விலையும் தேதியும் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட பிறகே கத்தரிக்கோலை எடுக்கிறேன். பாதிப் பணம் முன்பணம். ஒரு திருத்தம் விலைக்குள் அடங்கும், இரண்டாவது திருத்தத்துக்கு நாள் கணக்கில் கூலி. இப்படிச் செய்தால் ஆர்டர் குறையும் என்று வீட்டில் பயந்தார்கள். குறையவில்லை.

இந்த மாவட்டத்தில் பாவைக்கு விலை பேசும் வழக்கமே புதிது என்பதையும் நினைத்துப் பார்க்கிறேன். இங்கே தோல்பாவைக்கூத்து நடத்தியவர்கள், வீட்டில் மராத்தி பேசும் குடும்பத்தினர், பாவையை விற்பதற்காகச் செய்யவில்லை. ஆட்டுத்தோலை ஊறவைத்து, முடியைச் சுரண்டி, இழுத்துக் கட்டிக் காயவைத்து, உருவம் வரைந்து, சிற்றுளியால் ஆயிரம் துளை போட்டு, இரண்டு பக்கமும் சாயம் ஏற்றித் தங்கள் கூத்துக்காகவே செய்துகொண்டார்கள். அது அப்பாவிடமிருந்து மகனுக்குப் போனது. ஊர்க்காரர்கள் காசு கொடுத்தது கூத்துக்கு. கூத்தின் கோமாளிகளான உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் திரையில் வந்து சிரிக்க வைத்ததற்குத்தான் நெல்லும் பணமும். அ.கா. பெருமாள் போன்ற ஆய்வாளர்கள் இந்தக் கலைஞர்களைப் பற்றி விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்கள். இன்று அதே குடும்பங்களிடம் போய், சுவரில் மாட்ட ஒரு ராவணன் வேண்டும் என்று கேட்கிறவர்கள், அச்சடித்த படத்தின் விலைக்குப் பேரம் பேசுகிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது. ஒவ்வொரு துளையும் ஒரு உளி அடி. வாங்குகிறவர் அந்த ராவணனை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கிரீடத்தில் மட்டும் எத்தனை துளை இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கட்டும்.

டீச்சரின் பள்ளிக்கு ஆறாயிரம் முடியாது என்றால் அதுவும் எனக்குப் புரிகிறது. விலையைக் குறைக்க வேலையைக் குறைக்கலாம், கூலியைக் குறைக்கக் கூடாது. பாட்டிக்குக் கால் வேண்டாம், சேலைக்குள் மறைந்துவிடும். முழு முகத்தையும் துணியால் மூடித் தைக்காமல் ஃபோமின் மேலேயே வண்ணம் அடிக்கலாம். தலைமுடிக்குப் பதில் முக்காடு போதும். இதெல்லாம் சேர்ந்தால் ஒன்றரை நாள் மிச்சம், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் குறையும். பக்கத்துப் பள்ளியோடு சேர்ந்து இரண்டு பாட்டியாகச் சொன்னால் இரண்டாவதற்கு வெட்டு அட்டை ஏற்கெனவே தயாராக இருக்கும். அதற்கான ஒரு நாள் கூலியை நான் வாங்குவதில்லை, இரண்டு பள்ளிக்கும் பகிர்ந்து கழித்துவிடுவேன். ஆனால் டிவியில் வரும் கார்ட்டூன் உருவத்தை அப்படியே செய்யச் சொன்னால், எவ்வளவு கொடுத்தாலும் செய்ய மாட்டேன். அது இன்னொருவர் வரைந்த முகம்.

தேவாலயங்களில் மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு ஏப்ரல் கடைசி வாரத்தில் ஓடி வருகிறார்கள். அந்த அவசரத்தில் இரவு வேலை செய்ய வேண்டியிருக்கும், அதற்குக் கூலி கூடும். பிப்ரவரியிலேயே வந்து, யார் பிடிக்கப் போகிறார்கள், எத்தனை பிள்ளைகள் பார்ப்பார்கள், கையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று மூன்றையும் சொல்லிவிட்டால் அந்தப் பணத்துக்குள் என்ன செய்யலாம் என்று உட்கார்ந்து பேசலாம். பணத்தைச் சொன்னால் ஏமாற்றிவிடுவார்கள் என்று மறைக்க வேண்டாம். இரண்டாயிரம்தான் இருக்கிறது என்று ஒரு ஞாயிறு பள்ளி டீச்சர் சொன்னபோது, காலுறையில் செய்யும் நான்கு பாவைகளை அவருக்கே ஒரு நாளில் சொல்லிக்கொடுத்தேன். போன கிறிஸ்துமஸுக்கும் அந்த நான்கும் மேடையில் இருந்தன.

உங்கள் வாசகியான அந்த ஆசிரியை இதைப் படித்தால், தன் வலது கையை ஒரு தாளில் வைத்துச் சுற்றிப் பென்சிலால் வரைந்துகொள்ளட்டும். என்னிடமே வர வேண்டும் என்றில்லை. தனக்கு விலை சொன்னவரிடமே அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மறுபடி போகட்டும்.

இப்படிக்கு,
பாவை செய்யும் வாசகி,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.