புகையிலையை விடச் சொல்கிற மருத்துவர்களுக்கு, ஒரு மருந்தாளுநரின் மடல்

மதிப்புக்குரிய மருத்துவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் எழுதும் மருந்துச்சீட்டுகளைப் படித்து மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை என்னுடையது. ரத்த அழுத்தம் என்றால் மாத்திரையின் பெயர், வேளை, எத்தனை நாள், மறுபடி எப்போது வரவேண்டும் என எல்லாமே சீட்டில் இருக்கும். புகையிலைக்கு மட்டும் அடியில் அவசரமாக ஒரு வரிதான்: "புகை கூடாது." மருந்தும் கிடையாது, தேதியும் கிடையாது.

புகை கெடுதல் என்று அந்த நோயாளிக்கு ஏற்கெனவே தெரியும். இதற்கு வைத்தியம் இருக்கிறது என்பதுதான் பலருக்குத் தெரியவில்லை. எந்த உதவியும் இல்லாமல் தானாக விட முயல்கிறவர்களில் ஒரு வருடம் தாக்குப்பிடிப்பவர்கள் நூற்றுக்கு 3 முதல் 5 பேர்தான். இதைத் தெரிந்துகொண்டே "மனசு வெச்சா முடியும்" என்று அனுப்பிவைப்பது எனக்குக் கொஞ்சம் இரக்கமற்றதாகத்தான் படுகிறது. சர்க்கரை நோயாளியிடம் நாம் அப்படிச் சொல்வதில்லையே.

நேரமில்லை என்பீர்கள். சரி, நியாயம்தான். ஆனால் 3 நிமிடத்துக்கும் குறைவான பேச்சுக்கே பலன் உண்டு என்று அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சேவையின் 2008 வழிகாட்டுதல் சொல்கிறது. அந்த நேரத்தையும் நுரையீரல் படத்தைக் காட்டிப் பயமுறுத்தச் செலவிட வேண்டாம். "விடுங்கள்" என்பதைவிட "விடுவதற்கு நான் உதவுகிறேன், மருந்து இருக்கிறது" என்பதுதான் அதிகம் பேரை முயற்சியில் இறக்குகிறது.

"புகைப்பீர்களா?" என்று கேட்டால், புகையிலையை மெல்லுகிறவர் "இல்லை" என்பார். அது பொய்யும் அல்ல. "எந்த வடிவத்திலாவது புகையிலை எடுக்கிறீர்களா, கடைசியாக எப்போது?" என்று கேட்டுப் பாருங்கள். புகைப்பவர் என்றால், காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட் என்றும் கேளுங்கள். அரை மணி நேரத்துக்குள் என்றால், புகையிலைக்கு அடிமையாக்கும் பொருளான நிகோட்டினின் பிடி பலமாக இருக்கிறது. புகையிலையை விட உதவும் நிகோட்டின் சூயிங்கம் 4 மில்லிகிராமா 2 மில்லிகிராமா என்பதைக்கூட அந்த ஒரு பதிலை வைத்தே முடிவு செய்யலாம்.

சூயிங்கம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கவுண்டரில் நான் பார்க்கும் தோல்விகளில் பாதி இங்கேதான். சாதாரண சூயிங்கம் போலக் கடகடவென்று மெல்லுகிறார்கள். நிகோட்டின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். "இது எனக்கு ஒத்துக்கல" என்று திரும்பி வருகிறார்கள். மெதுவாக மென்று, காரமான ஒரு சுருசுருப்பு வந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிவைக்க வேண்டும். சுருசுருப்பு அடங்கினால் மறுபடி மெல்லலாம். இப்படியே அரை மணி நேரம். மெல்லுவதற்கு 15 நிமிடம் முன்பிருந்தே காபி, பழச்சாறு வேண்டாம்; வாயில் அமிலம் இருந்தால் நிகோட்டின் சரியாக உறிஞ்சப்படாது. இதைச் சொல்ல உங்களுக்கு நேரமில்லை என்றால் எங்களிடம் விட்டுவிடுங்கள், நாங்கள் சொல்லித் தருகிறோம்.

தோலில் ஒட்டிக்கொள்ளும் நிகோட்டின் பேட்ச், சூயிங்கம் இரண்டையும் சேர்த்து எழுதத் தயங்குகிறீர்கள் என்பதையும் கவனிக்கிறேன். பேட்ச் நாள் முழுக்க ஒரு சீரான அளவைத் தருகிறது. திடீரென்று எழும் தவிப்புக்குச் சூயிங்கம். ஒன்றை மட்டும் தருவதைவிட இரண்டும் சேர்ந்தால் பலன் கூடும் என்பது பல ஆய்வுகளில் உறுதியான விஷயம். பேட்ச் போட்டு ராத்திரி விசித்திரக் கனவு வருகிறது என்பவர் படுக்கும்முன் கழற்றிவிடலாம். அதற்காக மருந்தையே நிறுத்த வேண்டியதில்லை.

புகையை விட உதவும் வாரெனிக்லின் மாத்திரை என்றாலே மனநலம் கெடும் என்று ஒரு பயம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவில் 2009-இல் அதன் மருந்துக் குறிப்பில் கட்டம் கட்டிய கடுமையான எச்சரிக்கை ஏறியது உண்மை. ஆனால் 8,000 பேருக்கு மேல் கலந்துகொண்ட ஈகிள்ஸ் ஆய்வு 2016-இல் வெளியானது. பங்கேற்றவர்களில் பாதிப் பேர் மனநோய் உள்ளவர்கள். அப்படியிருந்தும் குறிப்பிடத்தக்க கூடுதல் பாதிப்பு தெரியவில்லை. அதே ஆண்டின் இறுதியில் எச்சரிக்கை நீக்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வாரெனிக்லினை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது; 2024 வழிகாட்டுதலில் பேட்ச், சூயிங்கம் போன்ற நிகோட்டின் மாற்று மருந்துகள், புகையை விட உதவும் வேறு மருந்துகளான புப்ரோபியான், சைட்டிசின் ஆகியவற்றோடு பரிந்துரைக்கவும் செய்தது. குமட்டல் வரும் என்பது வாஸ்தவம். சாப்பிட்ட பிறகு ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு எடுத்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம். வலிப்பு வந்தவருக்குப் புப்ரோபியான் வேண்டாம்.

மனநல மருத்துவர்களுக்குத் தனியாக ஒன்று. புகையில் உள்ள தார்ப்பொருட்கள் கல்லீரலின் ஒரு நொதியைத் தூண்டிவிடுகின்றன. அதனால் க்ளோசபின், ஓலன்சபின் போன்ற மனநோய் மருந்துகள் புகைப்பவர் உடலில் வேகமாகக் கழிந்துவிடும். புகையை நிறுத்தினால் அதே அளவு மாத்திரை ரத்தத்தில் கூடிப்போகும். இது புகையின் வேலை, நிகோட்டினுடையது அல்ல; ஆகவே பேட்ச் போட்டிருப்பதால் கூடாமல் இருந்துவிடாது. விடும் தேதி குறிக்கும்போதே அளவைக் குறைப்பது பற்றியும் யோசியுங்கள். காபியில் உள்ள கஃபீனையும் இதே நொதிதான் உடைக்கிறது; புகையை விட்டால் அதுவும் ரத்தத்தில் கூடும். புகையை விட்ட வாரத்தில் தூக்கம் வராமல் கை நடுங்குகிறவரிடம், எத்தனை காபி குடிக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள்.

"இந்த வயசுல விட்டு என்ன ஆகப்போகுது?" என்பவருக்கு உங்கள் தொழில்காரர்களிடமே பதில் இருக்கிறது. ஆய்வாளர்கள் ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்ட் ஹில்லும் 1951-இல் பிரிட்டிஷ் மருத்துவர்களிடம் தொடங்கிய ஆய்வின் 50 ஆண்டு முடிவு 2004-இல் வந்தது. 60 வயதில் விட்டவருக்கு, விடாதவரைவிடச் சுமார் 3 வருட ஆயுள் கூடுதலாகக் கிடைத்தது. 50-இல் விட்டவருக்கு 6, 40-இல் 9, 30-இல் 10.

அப்புறம், மறுவருகை. தவிப்பு முதல் சில நாட்களில்தான் உச்சத்தில் இருக்கும். பெரும்பாலோர் சறுக்குவதும் முதல் ஓரிரு வாரங்களில். ஒரு மாதம் கழித்து வரச் சொன்னால் ஆட்டம் முடிந்திருக்கும். முதல் வாரத்திலேயே செவிலியர் ஒரு போன் செய்தால் போதும். சறுக்கியவர் திட்டு வாங்கப் பயந்தே உங்கள் பக்கம் வருவதில்லை. எங்கள் கடையில் வந்து, உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறார். அவர் வரும்போது "ஏன் மறுபடி பிடிச்சீங்க?" என்பதற்குப் பதிலாக "எந்த நேரத்தில், எதற்குப் பிறகு?" என்று கேளுங்கள். மருந்தின் அளவு போதவில்லையா, பாதியில் நிறுத்திவிட்டாரா, இன்னொரு மருந்து சேர்க்க வேண்டுமா என்பது அவர் பதிலில் தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்