நோய் திரும்பிய அன்றே முன் அனுமதி வழங்குங்கள்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உயர் சிகிச்சைகளுக்கு ஒப்புதல் வழங்கும் அதிகாரிகளுக்கும் மருத்துவ வல்லுநர்களுக்கும்,

வணக்கம்.

ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற நிணநீர் மண்டலப் புற்றுநோய் வந்த குழந்தைகளில் பெரும்பாலோர் முதல் கட்டச் சிகிச்சையிலேயே குணமாகிவிடுகிறார்கள். இம்மடல் எஞ்சிய சிலருக்காக எழுதப்படுகிறது. முதல் கீமோவுக்கு நோய் அடங்காத பிள்ளைகளுக்கும், அடங்கிய பின் கழுத்தில் மறுபடி கட்டி தலைகாட்டிய பிள்ளைகளுக்கும் வேறு மருந்துகளால் சில சுற்றுக் கீமோ கொடுத்து, நோய் அடங்கியதை, உடலில் எஞ்சிய புற்றைக் காட்டும் பெட் ஸ்கேனில் உறுதிசெய்து, இரத்த அணுக்களை உருவாக்கும் அவர்களுடைய சொந்த ஸ்டெம் செல்களைச் சேகரித்து வைத்து, மிக உயர்ந்த அளவு கீமோவுக்குப் பின் அவற்றைத் திரும்பச் செலுத்துவது நிலைபெற்ற சிகிச்சை. எலும்பு மஜ்ஜை மாற்று என்று சொல்லப்படுவதில் இதுவும் ஒரு வகை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1986-ஆம் ஆண்டிலேயே எலும்பு மஜ்ஜை மாற்று தொடங்கிவிட்டது. ஆகவே இதைச் சோதனை முயற்சி என்று யாரும் ஒதுக்க முடியாது.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். பெட் ஸ்கேன் முடிவு வந்த பிறகு கோப்பைத் தொடங்காமல், நோய் திரும்பியதைப் பயாப்சி (கட்டியின் திசுப் பரிசோதனை) உறுதிசெய்த அன்றே இந்த மாற்றுச் சிகிச்சைக்கு நிபந்தனையுடன் முன் அனுமதி வழங்க வேண்டும். நோய் அடங்கினால் மட்டுமே அனுமதி செல்லும் என்று எழுதிக்கொள்ளுங்கள். அடங்காவிட்டால் பணம் செலவாகப்போவதில்லை, அரசுக்கு இழப்பும் இல்லை. தாமதத்திற்கோ விலை உண்டு. காகிதம் வரும்வரை நோயைப் பிடித்துவைக்க இன்னொரு சுற்றுக் கீமோ கொடுத்தால் எலும்பு மஜ்ஜை மேலும் களைத்துப்போகும். சேகரிக்கும்போது பிள்ளையின் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் குறைந்தது 20 லட்சம் சிடி34 செல்கள், அதாவது அந்த அடையாளத்தால் எண்ணப்படும் ஸ்டெம் செல்கள், தேவை. களைத்த மஜ்ஜையிலிருந்து அவை கிடைக்காமல் போகலாம்.

தொகையை நிர்ணயிக்கும்போது பெரியவர்களின் கணக்கை அப்படியே போடாதீர்கள். மிகச் சிறிய குழந்தையின் உடலில் உள்ள இரத்தம் கொஞ்சம்தான் என்பதால், செல்களைப் பிரிக்கும் இயந்திரத்தின் குழாய்களை முதலில் தானமாகப் பெற்ற இரத்தத்தால் நிரப்பிய பிறகே பிள்ளையை அதனுடன் இணைக்கிறார்கள். மெல்லிய நரம்பில் ஊசி நிற்காது. கழுத்திலோ தொடையிலோ தனிக் குழாய் பொருத்த மயக்க மருந்து வேண்டும். இவையெல்லாம் கட்டணச் சீட்டில் தனித்தனி வரிகளாக வருகின்றன. ஹாட்ஜ்கின் அல்லாத லிம்போபிளாஸ்டிக் லிம்போமா என்ற வகை திரும்பிய பிள்ளைகளுக்குச் சொந்தச் செல்கள் பெரும்பாலும் உதவாது, பிறருடைய செல்கள்தான் வேண்டும். உடன்பிறந்த ஒருவரின் திசு முழுமையாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பே இருப்பதால், குடும்பத்தினரின் திசுப் பொருத்தச் சோதனையையும் அதே நாளில் அனுமதிக்க வேண்டும்.

பிரென்டக்சிமாப், நிவோலுமாப் போன்ற புதிய புற்றுநோய் மருந்துகள் வந்துவிட்ட பின் மஜ்ஜை மாற்று எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அவற்றின் ஒரு குப்பி விலையைப் பெற்றோரிடம் சொல்லிப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள்.

மாற்று முடிந்து ஏறத்தாழ இரண்டு வாரங்களில் இரத்த அணுக்கள் ஏறத் தொடங்கினாலும், பழைய தடுப்பூசிகளின் பாதுகாப்பு குறைந்துவிடுவதால் அவற்றை மீண்டும் போட வேண்டியிருக்கிறது. அந்தச் செலவையும், வெளியூர்க் குடும்பம் மருத்துவமனை அருகில் தங்கும் வாடகையையும் இதே அனுமதியில் சேர்த்து ஒரு சுற்றறிக்கை வெளியிடுமாறு வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவில் பணிபுரியும் மருத்துவ சமூகப் பணியாளர்கள் சார்பாக