ஏழாம் வகுப்பு பெற்றோருக்கு: அந்த மேற்கு முகப்பு படங்கள் பத்தி

அன்பான பெற்றோர்களுக்கு வணக்கம்.

ஓவிய வகுப்புல ஸ்பெயின் நாட்டு பார்சிலோனாவுல இருக்கற சாக்ரதா ஃபமீலியா பேராலயத்தோட சிற்பங்கள பிள்ளைங்களுக்கு காட்டுனோம். அதுக்கப்புறம் உங்கள்ல சில பேர் என்கிட்ட வந்து, கிழக்குப் பக்க படமெல்லாம் அழகா இருக்கு, மேற்குப் பக்கத்த பாத்து பிள்ளை பயந்துடுச்சு, அத மட்டும் எடுத்துடுங்கன்னு கேட்டீங்க. ரெண்டு நாள் யோசிச்சேன். எடுக்க வேண்டாம்னுதான் தோணுது, ஏன்னு சொல்றேன்.

அந்த சுவர் பயமுறுத்தணும்னே கட்டுனது. 1883ல பொறுப்பு எடுத்த ஆர்க்கிடெக்ட் கௌடி, கிழக்குல இயேசுவோட பிறப்பு, மேற்குல அவரோட பாடுகள் (சிலுவையில சாகற வரைக்கும் பட்ட துன்பங்கள்), தெற்குல மகிமைன்னு மூணு முகப்பு வச்சாரு. சூரியன் உதிக்கற பக்கம் பிறப்பு, மறையற பக்கம் மரணம். பாடுகள முதல்ல கட்டுனா ஜனங்க விலகிப் போயிடுவாங்கன்னு அவருக்கே தெரியும், அதனாலதான் பிறப்புல ஆரம்பிச்சாரு.

கிழக்குல கல்லே தெரியாத அளவுக்கு செடி, கொடி, பறவை. ரெண்டு தூணுக்கு அடியில ரெண்டு ஆமை, கடல் இருக்கற பக்கம் கடல் ஆமை, மலைப் பக்கம் நில ஆமை, எதுவும் மாறாம நிலைச்சு நிக்கறதுக்கு அடையாளம், ஆனா அதே முகப்போட ரெண்டு ஓரத்துலயும் பச்சோந்தி இருக்கு, அது மாற்றத்துக்கு. மேல பச்சை சைப்ரஸ் மரம், அதுல வெள்ளைப் புறாக்கள், மரத்தடியில ஒரு பெலிக்கன். தன் நெஞ்சக் கிழிச்சு ரத்தத்த குஞ்சுக்கு ஊட்டும்னு அந்தக் காலத்துல நம்புன பறவை அது, அதனால கிறிஸ்தவங்களுக்கு அது இயேசுவோட தியாகம்.

மேற்குல இதெல்லாம் எதுவுமே கிடையாது. எலும்பு மாதிரி சாஞ்சு நிக்கற ஆறு தூண், மொட்டையான சுவர், சுபிராக்ஸ்னு ஒரு சிற்பி 1980கள்ல ஆரம்பிச்சு செதுக்குன கோணல் கோணலான மனுஷங்க. கதைய கீழ இடது பக்கம் இயேசு சீடர்களோட சாப்பிட்ட கடைசி இரவு உணவுல ஆரம்பிச்சு, வளைஞ்சு வளைஞ்சு மேல அவர அடக்கம் பண்றது வரைக்கும் கண்ணாலயே ஏறிப் படிக்கணும். சிலுவை சுமந்து போன இயேசுவோட முகத்தத் துடைச்சதா சொல்ற பெண் வெரோனிக்கா, அந்தத் துணிய ஏந்தி நிக்கற அவளுக்கு முகமே இல்ல, துணியில இருக்கற இயேசுவோட முகம் மட்டும் உள்பக்கமா குழிஞ்சு இருக்கு, நாம எங்க நகர்ந்தாலும் நம்மளையே பாக்கற மாதிரி இருக்கும். பிள்ளைங்க பயந்தது பெரும்பாலும் இங்கதான். என்னைக் கேட்டா அந்த முழு சுவர்லயும் சிறந்த சிற்பம் இதுதான்.

இயேசுவக் காட்டிக் குடுத்த சீடன் யூதாஸ் அவருக்கு முத்தம் குடுக்கற இடத்துல அவன் பின்னாடி ஒரு பாம்பு, பக்கத்துல 16 கட்டத்துல எண்கள். முதல் வரிசை 1, 14, 14, 4. எந்த வரிசைய, எந்த மூலைவிட்டத்த கூட்டுனாலும் 33, இயேசு இறந்தப்ப அவரோட வயசுன்னு சொல்றது. சாதாரணமா இப்படி 1லேர்ந்து 16 வரை போட்ட கட்டத்துல 34 வரும், அதுல நாலு எண்ண ஒவ்வொண்ணு குறைச்சு சுபிராக்ஸ் 33 ஆக்கியிருக்காரு, அதனால 12ம் 16ம் காணோம், 10ம் 14ம் ரெண்டு தடவ வருது. கணக்கு டீச்சர் இதுக்குன்னே ஒரு பீரியட் கேட்டு வாங்கியிருக்காங்க.

ஒரு மதத்தோட கதைய ஏன் நம்ம பிள்ளைங்களுக்குன்னும் ஒருத்தர் கேட்டாரு. நியாயமான கேள்விதான். நம்பச் சொல்லிக் குடுக்கல, படிக்கத்தான் சொல்லிக் குடுக்கறோம். எழுத்து தெரியாதவங்களும் புரிஞ்சுக்கணும்னு கல்லுல எழுதுனது அது, அத வாசிக்கத் தெரிஞ்ச பிள்ளை எந்தக் கோவில் சுவர் முன்னாடி நின்னாலும் இது ஏன் இங்க இருக்குன்னு கேக்கும். இன்னொண்ணும் சொல்லணும், அந்தப் பேராலயம் கட்டுற இடத்துலயே 1909ல கௌடி ஒரு சின்ன பள்ளிக்கூடம் கட்டுனாரு, அங்க வேலை செஞ்சவங்க பிள்ளைங்க படிக்க, அலை மாதிரி வளைஞ்ச கூரையோட. ஒரு தலைமையாசிரியரா எனக்கு அந்தக் கூரை மேல தனிப் பிரியம்.

இந்த வாரம் வீட்டுல ரெண்டு முகப்பு படத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பிள்ளையோட உக்காந்து பாருங்க. அர்த்தத்த நீங்க முந்திக்கிட்டு சொல்லிடாதீங்க, அவங்களுக்கு என்ன தெரியுதுன்னு மொதல்ல கேளுங்க, தப்பா சொன்னாலும் அப்படியே எழுதட்டும். அப்பவும் மேற்குப் பக்கம் பாக்க முடியலன்னா அந்தப் பிள்ளை ஆமையையும் பச்சோந்தியையும் வரைஞ்சா போதும், மார்க் குறையாது. நோட்ட திங்கக்கிழமை குடுத்து விடுங்க.

அன்புடன்,
தலைமையாசிரியர்