குரலை அடுக்கப்போகும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

தனியாளாக மேடையேறி உன் குரலையே நாலாக, எட்டாகப் பெருக்கிக் காட்டப்போவதாக எழுதியிருந்தாய். எந்த பெடல் (காலால் இயக்கும் ஒலிக்கருவி) வாங்கலாம் என்றும் கேட்டிருந்தாய். பெடல் அப்புறம். முதலில் அமெரிக்கப் பாடகியும் இசையமைப்பாளருமான பமேலா ஸீ பாடுவதைப் பார். மேற்கத்திய செவ்வியல் பாட்டில் தேறிய அவர், 1980களிலேயே டிஜிட்டல் டிலேயை, அதாவது பாடியதைச் சற்றுக் கழித்துத் திருப்பித் தரும் கருவியை, தன் குரலோடு சேர்த்துக்கொண்டார். பிறகு சான் பிரான்சிஸ்கோவில் அதையே வளர்த்தெடுத்தார். கருவிகளின் இடத்துக்கு மடிக்கணினியும் ஒலியைக் கையாளும் மேக்ஸ் என்ற மென்பொருளும் வந்தன. வேலை அதேதான்: பாடியது சில நொடியில் திரும்பி வரும், வரும்போது அதோடு எதைப் பாடுவது என்பதில்தான் இசை இருக்கிறது.

டிலேயை 4 நொடிக்கு வை, ஃபீட்பேக்கை, அதாவது திரும்பி வந்த ஒலியில் மறுபடி உள்ளே போகும் பங்கை, 70 சதவீதத்துக்கு. சுற்றுக்குச் சுற்று ஒலி சுமார் 3 டெசிபல் இறங்கும். பத்துச் சுற்றில், அதாவது 40 நொடியில், 31 டெசிபல் இறங்கி ஏறக்குறைய மறைந்துவிடும். 100 சதவீதத்தில் எதுவும் மறையாது. நடுவில் வந்த இருமலும் கடைசிவரை உன்னோடு இருக்கும்.

நீண்ட உயிரெழுத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஒரே சுருதியில் ‘ஆ’வை இழுத்துக்கொண்டே போனால் பழைய சுற்றுகள் அதன்மேல் ஏறி உட்காரும். 70 சதவீதத்தில் ஒலி 3.3 மடங்குவரை, அதாவது 10 டெசிபல்வரை ஏறலாம். ஒலியளவைக் காட்டும் மீட்டர் சிவந்து ஒலி பிளந்துபோகும். உள்ளே போகும் குரலின் உச்சம் அந்த மீட்டரில் -12 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள். 4 நொடியில் ஒன்றரை நொடி மட்டும் பாடு. ‘க்’, ‘ட்’, மூச்சொலி, நாக்குச் சொடுக்கு எல்லாம் தாளமாக நிற்கும். உயிரெழுத்துகள் மேகம்போலக் கலந்துவிடும். இரண்டும் வேண்டும், ஆனால் மேகம் கொஞ்சம் போதும்.

100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அடி ஒலியை வடிகட்டிவிடு. மைக்கை உதட்டோரமாகச் சாய்த்துப் பிடித்தால் ‘ப’வின் காற்று அதில் முட்டாது. ஒரு ‘டம்’ விழுந்தால் அதுவும் பத்து முறை வருமே!

ஊளைச் சத்தம் இங்கே இரண்டு வகை. ஒன்று உடனே கத்தும். மற்றது மோசமானது: ஸ்பீக்கர் ஒலி மைக்கில் நுழைந்து, 4 நொடிக்கொருமுறை சத்தமில்லாமல் தடித்துக்கொண்டே வரும், தெரியும்போது நேரம் கடந்திருக்கும். பெரிய ஸ்பீக்கர்கள் உனக்கு முன்னால், சபையைப் பார்த்து இருக்கட்டும். முன்பக்க ஒலியையே அதிகம் வாங்கும் கார்டியாய்டு மைக் என்றால் மானிட்டர் (நீ கேட்பதற்கான ஸ்பீக்கர்) அதன் நேர்பின்னே; இன்னும் குறுகலாக வாங்கும் சூப்பர் கார்டியாய்டு என்றால் மைக்கின் முன்பக்கத்திலிருந்து சுமார் 125 டிகிரியில், பக்கவாட்டுப் பின்புறம்.

அடிக்கடி குனிந்து குமிழ் திருகினால் சபையின் கண் உன்னைவிட்டுப் போய்விடும். பமேலா ஸீ தசை அசைவை உணரும் பாடிசிந்த் கருவியை அணிந்து, கையசைவையே ஒலியாக்கினார். அந்தக் கையும் நாடகத்தின் பகுதியானது. உனக்கு இப்போதைக்கு ஒரு வால்யூம் பெடல் போதும். டிலேக்குப் போகும் பாதையில் மட்டும் அதை வை, வெளியே வரும் பாதையில் வேண்டாம். பெடலை மூடினால் பழைய அடுக்குகள் ஓடிக்கொண்டிருக்கும். நீ பாடுவது மட்டும் உள்ளே போகாமல் தனியாக, தெளிவாகக் கேட்கும். ஒரு வாரம் இதை மட்டும் பழகு. பிறகு ஒரு பதிவை அனுப்பு, கேட்டுவிட்டு எழுதுகிறோம்.

அன்புடன்